இருபத்தெட்டாவது பலகை

ஒரு வராந்தாவை அளக்க சில்வெஸ்டர் மேஸ்திரிக்கு ஒரு நூலுருண்டையும் கால் மணி நேரமும் போதும். மிஷன் ஆஸ்பத்திரியின் கிழக்கு வராந்தாவை அவர் அளந்தது 1944ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு. நீளம் எண்பத்துநாலு அடி. அகலம் எட்டடி. ஏழடிக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு கட்டில். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆறடி உயரத்துக்குத் தடுப்பு, மொத்தம் பதினொன்று. முன்பக்கம் சாரல் அடிக்காமல் நாலடி உயரத்துக்கு அடைப்பு. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையாகப் பார்த்தால் தடுப்புகளுக்குப் பதினாறரை, முன்பக்கத்துக்குப் பத்தரை, ஆக இருபத்தேழு. அறுக்கும்போது ஓரம் சிலும்பும், ஏதாவது ஒரு மூலை உடையும். சேதாரத்துக்கு ஒன்று. இருபத்தெட்டு.

மரவேலை தெரிந்த எவனும் சேதாரம் போடாமல் கணக்குக் கொடுக்க மாட்டான். கொடுத்தால் அவன் பொய்யன், இல்லையென்றால் ரம்பத்தைத் தொட்டறியாதவன். சில்வெஸ்டர் இந்த இரண்டிலும் சேராதவர். அவருக்கு வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த வராந்தா காசநோய்க்காரர்களுக்கு. நோயாளிகளை மற்றவர்களோடு ஒரே வார்டில் படுக்கவைக்கக் கூடாது, காற்று வேண்டும், ஆனால் நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜூடித், மேஸ்திரி நூலைச் சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"முதல் கட்டில் அல்போன்சாவுக்குத்தான், மேஸ்திரி. எழுதி வச்சிட்டேன். ஆனா மழைக்கு முந்தி முடிச்சிடணும்."

"பலகை வந்தா ஆறு நாள் வேலை, சிஸ்டர்."

அல்போன்சா அவர் மனைவி. பிளாக்பள்ளியில் சந்துக்குள் ஒற்றை அறை வீட்டில், ஜன்னலோரமாகப் படுத்திருந்தாள். தையல்காரி. பட்டாளத்துக்காரர்களுக்குக் காக்கிச் சட்டை தைத்துத் தைத்து, ஒரு நாள் இருமியபோது சட்டையில் கறை பட்டது. கறை பட்ட சட்டையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் அவள் முதலில் கவலைப்பட்டாள்.

அன்று மாலை சில்வெஸ்டர் வராந்தாவைப் பற்றிச் சொன்னார். வேப்பமரம் தெரியும் மூலைக் கட்டில், காலை வெயில் நேராக வரும் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டிலுக்குச் சாரல் அடிக்குமாங்க?"

"அடிக்காது. நாலடிக்கு அடைக்கறேன்."

யுத்தகாலம். ஆகாய விமானத்துக்கும் பிளைவுட், வெடிமருந்துப் பெட்டிக்கும் பிளைவுட். சர்க்கார் அனுமதியில்லாமல் ஒரு முழப் பலகைகூட வாங்க முடியாது. அனுமதி கொடுக்கப் பலகை மதிப்பீட்டு இலாகா என்று ஒன்று, கண்டோன்மெண்டில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. எவ்வளவு பலகை தேவை என்று இலாகா மதிப்பிட்டுச் சொன்ன பிறகுதான் பலகை. அந்த இலாகா ஆரம்பித்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. அதுவரை யாருக்கும் எதையும் குறைத்து மதிப்பிட்டதில்லை, கூட்டியும் மதிப்பிட்டதில்லை என்று வாசலில் நின்ற ஜவான் பெருமையாகச் சொன்னான். மதிப்பிட்டே கொடுத்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தலைமைக் குமாஸ்தா தேசிகன் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். சில்வெஸ்டர் கொடுத்த சீட்டை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இருபத்தெட்டுன்னு எப்படி வந்தது, மேஸ்திரி?"

"நூல் புடிச்சுப் பார்த்தேன், சார்."

"நூல் இங்கே செல்லாது. நீளத்தை நீளப் பிரிவிலே குடுங்கோ. அகலத்தை அகலப் பிரிவிலே குடுங்கோ. கனத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு."

"மூணும் ஒரே வராந்தாதானே, சார்?"

தேசிகன் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதா? ஆனா நீளமும் அகலமும் ஒரே ஆள் கையிலே இருந்தா பரப்பளவு வெளியே போயிடும்னு சர்க்குலர் வந்திருக்கு. ஜப்பான்காரனுக்கு நம்ம வராந்தா நீளம் தெரிஞ்சாக்கூடப் பாதகமில்லை. அகலம் தெரியப்படாது."

நீளப் பிரிவு பத்தே நாளில் எண்பத்துநாலு அடியை ஏற்றுக்கொண்டது. அகலப் பிரிவுக்காரர் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு நாலடிக்கு மேற்பட்ட அகலத்தை ஒப்புக்கொள்ள அதிகாரமில்லை. ஆகவே அவரே சொன்ன யோசனைப்படி, எட்டடி அகலத்தை இரண்டு நாலடியாக எழுதிக் கொடுத்தார் சில்வெஸ்டர். உடனே நீளப் பிரிவிலிருந்து ஆட்சேபம் வந்தது: இரண்டு அகலம் இருப்பதால் இரண்டு வராந்தா இருக்க வேண்டும், இரண்டாவது வராந்தாவின் நீளத்தை மேஸ்திரி ஏன் மறைத்தார்?

இரண்டாவது வராந்தா இல்லை என்பதற்கு சிஸ்டர் ஜூடித்திடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க மார்ச் மாதம் போய்விட்டது.

ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தப் பங்களாவுக்குள் புதிதாக ஒரு தடுப்பு முளைத்திருந்ததை சில்வெஸ்டர் கவனித்தார். முதலில் நீளத்துக்கும் அகலத்துக்கும் நடுவே. அப்புறம் ஆட்சேபங்களுக்கு ஓர் அறை, ஆட்சேபங்களுக்குச் சொல்லும் பதில்களுக்கு ஓர் அறை. எல்லாம் எட்டுக்கு நாலு, முதல் தரம், மேல்பூச்சுக்கூட மங்காத பலகை. கை பழகிய தொழில். வேண்டாம் என்றாலும் கண் எண்ணிவிடும். ஏப்ரல் முதல் வாரம் அறுபத்துநாலு பலகை.

"இதுக்கெல்லாம் யாரு, சார், மதிப்பீடு போட்டது?" என்று தேசிகனைக் கேட்டார்.

"இதுக்கு மதிப்பீடு கிடையாது, மேஸ்திரி. மதிப்பீட்டு இலாகாவுக்கு நாங்களே மதிப்பீடு போட்டுண்டா பாரபட்சம்னு சொல்வா. அதனாலே கேட்டதைக் குடுத்துடறா."

அடுத்தது ஆயுள் சான்றிதழ். பிளைவுட் ஏழு வருஷம் உழைக்கும் பொருள். அதைப் பயன்படுத்தப் போகிற நோயாளிகளும் ஏழு வருஷத்துக்கு நோயாளிகளாக இருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தர வேண்டும். குணமாகிவிட்டால் பலகை வீண், இறந்துவிட்டாலும் வீண். சில்வெஸ்டர் அந்தச் சான்றிதழ்ப் பாரத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது சிஸ்டர் ஜூடித் அதை இரண்டு தடவை படித்தார்.

"குணமாகணும்னு தினம் செபம் பண்றேன். இதுல கையெழுத்து வேற போடணுமா?"

"போடாட்டி பலகை கிடையாதாம், சிஸ்டர்."

சிஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் பாதியில் கோப்பு சூப்பரிண்டெண்ட் வெங்கடசுப்ரமணியனிடம் போனது. நீளம் சரி, அகலம் சரி, கனம் சரி, நோய் சரி. அவருடைய விரல் கடைசி வரியில் நின்றது. சில்வெஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையைச் சுற்றி நாலு பக்கமும் பிளைவுட்; கதவும் பிளைவுட். உள்ளே மர வாசனை கமகமவென்று வீசியது.

"சேதாரம் ஒண்ணுன்னு போட்டிருக்கியே, இது என்ன?"

"வீணாப் போறதுக்கு, சார். அறுக்கறப்போ…"

"வீணாப் போறதுக்கு!" சூப்பரிண்டெண்ட் நாற்காலியில் சாய்ந்தார். "எங்கிட்டே வந்து, என் மூஞ்சிக்கு நேரே, சர்க்கார் பலகை ஒண்ணை வீணாக்கப்போறேன், அனுமதி குடுங்கோன்னு கேக்கறே. யுத்தம் நடக்கறது, தெரியுமா? பதினெட்டு மாசமா இந்த நாற்காலியிலே உக்காந்திருக்கேன். ஒரு பலகை வீணாக விட்டிருப்பேனா? ஒரு பலகை வெளியிலே போயிருக்குமா, கேட்டுப் பாரு! போனாத்தானே வீணாகும்? இருபத்தேழு வேணும்னு நீ எழுதியிருந்தேன்னா நேத்திக்கே கையெழுத்தாகியிருக்கும். இப்போ நான் என்ன பண்ணட்டும்?"

சில்வெஸ்டருக்கு அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. இருபத்தேழு என்று எழுதியிருந்தால். நேற்றைக்கே.

வீட்டுக்கு வந்து அல்போன்சாவிடம் சொன்னார். அவள் குரல் அப்போது கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது.

"ஒரு ரவிக்கைக்கே நான் அரைக்கால் கஜம் சேர்த்துதான் கேப்பேன். அவரு சம்சாரம் ரவிக்கையே போடாதா?"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் போய், இருமல் வந்துவிட்டது. இருமல் நின்றதும், "அந்த ஒண்ணை அடிச்சிட்டு வந்துடுங்க. எதுக்கு பேஜாரு?" என்றாள்.

மறுநாளே போய் அடிக்கப் பார்த்தார். முடியாது என்றார்கள். அடித்தால் முதலில் எழுதியது பொய்யென்று ஆகும்; பொய் மதிப்பீடு கொடுத்தவரைப் பற்றி விசாரணை வைக்க வேண்டும்; விசாரணைப் பிரிவுக்கு இன்னும் தடுப்பு போடவில்லை. வேறு வழி ஒன்றுதான் என்று தேசிகன் சொன்னார். சேதாரம் உண்மையில் எவ்வளவு என்று பரீட்சை செய்து பார்ப்பது. மாதிரிக்கு ஒரே ஒரு பலகை தருவார்கள். அதிகாரிகள் முன்னிலையில் மேஸ்திரி அதை அறுத்துக் காட்ட வேண்டும். என்ன மிஞ்சுகிறதோ அதை எடைபோட்டு, அதன்படி மற்றதற்கு அனுமதி.

மாதிரிப் பலகைக்கு உத்தரவு ஆவதற்குள் மே மாதம் பிறந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை, ரயிலடிக்குப் பின்னாலிருந்த கிடங்கிலிருந்து அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார் சில்வெஸ்டர். வண்டி வைக்க மனம் வரவில்லை. வழியெல்லாம் காற்று. எட்டடிப் பலகை பாய்மரம்போல் அவரை ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் இழுத்தது. கோழிக்கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். திங்கட்கிழமை பரீட்சை.

வீட்டில் வைக்க இடமில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே குறுக்காகச் சாய்த்து வைத்தார். அல்போன்சா கையை நீட்டி அதைத் தடவினாள்.

"இதுக்குத்தானா மூணு மாசம்? எவ்வளவு லேசா இருக்கு."

அன்று சாயங்காலம், கோடையில் வரும் மாங்காய் மழை பெய்தது. ஜன்னல் கதவு உளுத்துப்போய் எப்போதும் சாரல் அடிக்கிற வீடு. பலகை அதைத் தடுத்தது. அவள் பலகைக்கு இந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் துளி விழுகிற சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த தூக்கம். சில்வெஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

பக்கத்து வீட்டு ஃபாத்திமாதான் அவளைக் குளிப்பாட்டிச் சீலை மாற்றினாள். சவப்பெட்டிக்காக மரக்கடைகளில் பலகை கேட்டார்கள். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்றார்கள் கடைக்காரர்கள். சில்வெஸ்டர் திரும்பி வந்து வாசலில் நின்றார். ஃபாத்திமா ஜன்னலோரம் பார்த்தாள்.

"அது சர்க்கார் பலகைம்மா. திங்கக்கிழமை வருவாங்க."

"வரட்டும், மேஸ்திரிண்ணா. அவ பேருக்கு வந்ததுதானே."

அல்போன்சாவை அளக்க அவருக்கு நூல் தேவைப்படவில்லை. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த அளவு. பலகையை ஐந்தேகால் அடியில் குறுக்கே அறுத்தார். அதில் அடிப்பலகை, மூடி, ஒரு பக்கம். மீந்த இரண்டே முக்கால் அடியில் தலைமாடும் கால்மாடும். இன்னொரு பக்கத்தை மட்டும் இரண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்த இடத்துக்கு ஒரு பட்டை. மூடிமேல் ஒரு சிலுவை. ஓரம் சிலும்பவில்லை. மூலை உடையவில்லை. நாற்பது வருஷத் தொழிலில் அவர் கை அவ்வளவு சுத்தமாக அறுத்ததில்லை. தரையில் விழுந்த மரத்தூளை ஃபாத்திமா கூட்டி, ஒரு தலையணை உறைக்குள் கொட்டி, தைத்து, அல்போன்சாவின் தலைக்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்பள்ளிக் கல்லறையில் அடக்கம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, பரீட்சைக்காகத் தேசிகன் வந்தார், ஒரு தராசோடு. விஷயம் தெரிந்ததும் தராசை மறைக்க இடம் தேடி, கடைசியில் சந்திலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, தப்பா நினைக்கப்படாது. பலகை இப்போ எங்கேயிருக்குன்னு நான் பார்த்து எழுதணும்."

"வாங்க, சார்."

மண் இன்னும் ஈரமாக இருந்தது. தேசிகன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாரத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு குந்தினார். பலகையின் உயரம், தரையிலிருந்து. பேனா நின்றது. "இல்லை" என்று எழுதினார். உபயோகத்திலிருப்பது எத்தனை நோயாளிகளுக்கு. ஒன்று. எஞ்சியது எவ்வளவு.

"ஒண்ணும் மிஞ்சலை, சார். தூள்கூட உள்ளே போயிடுச்சு."

சேதாரம்: இல்லை. அடுத்த வரியில் தேசிகன் தயங்கினார்.

"என்னவாப் பயன்பட்டதுன்னு கேட்டிருக்கா. பெட்டின்னு எழுதினா அது பெட்டி இலாகாவுக்குப் போயிடும். உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பா. தடுப்புன்னு போட்டுடட்டுமா?"

"போடுங்க."

"யாருக்கும் யாருக்கும் நடுவிலேன்னு ஒரு கட்டம் இருக்கு."

சில்வெஸ்டர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலன்னு போடுங்க, சார்."

தேசிகன் அப்படியே எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாரத்தில் மை காயும்வரை துடைத்துக்கொண்டேயிருந்தார்.

அந்தப் பாரம் இலாகாவில் ஏற்படுத்திய உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. முதன்முதலாக ஒரு பரீட்சை முடிந்து, முடிவும் கிடைத்திருக்கிறது. ஒரு நோயாளி, ஒரு பலகை, சேதாரம் பூஜ்யம். ஆகவே பன்னிரண்டு நோயாளிகளுக்குப் பன்னிரண்டு பலகை. மூன்று மாதமாக நகராத கோப்பு மூன்றே நாளில் கையெழுத்தானது. மே மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு பலகையும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கின.

பன்னிரண்டு பலகையில் ஐந்து கட்டிலுக்குத்தான் அடைக்க முடியும். சூத்திரப்படி கட்டிலுக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தால் போதும் என்று ஒரு சர்க்குலர் வந்தது. சில்வெஸ்டர் அதை வாங்கி மடித்து, ஆடிய ஒரு கட்டில் காலுக்கு அடியில் கொடுத்தார். வேப்பமர மூலையிலிருந்து தொடங்கி ஐந்தை ஒழுங்காக அடைத்தார். முதல் கட்டிலுக்கு சிஸ்டர் ஜூடித் தாமே விரிப்பு போட்டார். அதில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோமளம் என்ற பெண்ணைப் படுக்கவைத்தார்கள். மற்ற ஏழு கட்டிலும் சாமான் அறையிலேயே கிடந்தன.

திறப்பு விழாவுக்கு சூப்பரிண்டெண்ட் வந்தார். மாலை போட்டார்கள். பேசினார்.

"இந்த மேஸ்திரி எங்கிட்டே வந்து இருபத்தெட்டு கேட்டார். நான் குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? வார்டு மார்ச்சிலேயே திறந்திருக்கும், அவ்வளவுதானே! ஆனா ஒரு நோயாளிக்கு எவ்வளவு பலகை தேவைங்கற உண்மை உலகத்துக்குத் தெரிஞ்சிருக்குமா? பதினாறு பலகை மிச்சம் பண்ணியிருக்கோம். இனிமே எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் இதுதான் கணக்கு. இந்தப் பரீட்சைக்கு ஒத்துழைச்ச நோயாளி யாரோ, அவருக்கும் இலாகா சார்பிலே நன்றி சொல்லணும். இங்கே வந்திருக்காரா?"

தேசிகன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

சூப்பரிண்டெண்ட் வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார். "அஞ்சுதானே இருக்கு? பாக்கி ஏழு?"

"பலகை பத்தலை, சார்," என்றார் சில்வெஸ்டர்.

"பத்தாம எப்படிப் போகும்? பன்னிரண்டு குடுத்தாச்சே. அப்போ அந்த ஏழு கட்டிலும் உன் சேதாரம்." தேசிகன் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. சேதாரம், ஏழு கட்டில். மேஸ்திரி பேரிலே."

தேசிகன் எழுதிக்கொண்டார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி விழுந்ததுமே விருந்தாளிகள் மாலையும் குடையுமாக வண்டிக்கு ஓடினார்கள். அடைக்காத ஏழு இடத்திலும் மழை நேரே வராந்தாவுக்குள் இறங்கி, சுவர்வரைக்கும் தரையை நனைத்தது. சில்வெஸ்டர் ஓடவில்லை. மூலைக் கட்டிலுக்குப் போனார். கோமளம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று சுழன்று சுழன்று அடித்தது. பலகையின் அந்தப் பக்கம் தண்ணீர் படபடவென்று மோதியது.

அவர் குனிந்து கட்டிலின் கீழே தரையைத் தடவிப் பார்த்தார். கால்மாட்டில், தலைமாட்டில், விரிப்பின் ஓரத்தில், தலையணையில். கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"இன்னாண்ணா பாக்கறீங்க?" என்று கேட்டாள் கோமளம்.

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

கை காய்ந்திருந்தது. அதைப் பலகைமேல் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குக் கேட்காத குரலில், "அடிக்கல, அல்போன்சா," என்றார். மழை நிற்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.